நாலு விநாடி

என் வேலை போத்தலைத் திருப்புவது.
காதலன் குடித்தாலும் கள்ளன் குடித்தாலும்
வளர்மதி கிரீம் சோடாவின் மஞ்சள் லேபல்
கமராவைப் பார்க்க வேண்டும்.
வியர்க்காத போத்தலுக்குக் கிளிசரின் பூசி
வியர்க்க வைப்பதும் நான்தான்.

கோண்டாவிலில் ஒரு கல்வீடு, பத்து நாள் வாடகைக்கு.
ஒப்பந்தத் தாள் என் சட்டைப் பையில்.
சோடா, நாலு விநாடி, மூன்று தரம்.
பொன்னொளி ஹார்ட்வெயார், பெயர்ப்பலகை முழுதாக,
அதனால் சண்டை அந்தக் கடை வாசலில்.
அடிபட்டவன் சீமெந்துப் பைகள் மேல்தான் விழுவான்,
பையிலும் பெயர் உண்டு.
ஸ்காபரோவில் நகைக்கடை வைத்திருக்கும் ஒருவர்
கதாநாயகியின் கழுத்துக்குக் காசு தந்திருந்தார்.
செத்தவீட்டுக் காட்சியிலும்
அவள் அட்டியலைக் கழற்றவில்லை.
நெறியாளர் மயூரதன் தலையில் கைவைத்தான்,
பிறகு ‘ஓகே’ என்றான்.

வீட்டுக்காரி செல்வறஞ்சிதம்
ஆறு நாள் ஒன்றும் பேசவில்லை.
குசினிக் கதவில் சாய்ந்து
நான் போத்தல் திருப்புவதைப் பார்த்தபடி நின்றா.
ஏழாம் நாள் தேத்தண்ணி தந்துவிட்டுக் கேட்டா:
“தம்பி, இந்தச் சோடாக்காரர் எவ்வளவு தந்தவை?”
சொன்னேன்.
“எவ்வளவு நேரத்துக்கு?”
சொன்னேன்.
விரல் மடித்துக் கணக்குப் பார்த்தா.
“அப்ப என்ர வீட்டு வாடகைக்கு
எத்தினை விநாடி வரும்?”

பகிடி என்று நினைத்தேன்.
உள்ளே போய் ஒரு படம் எடுத்து வந்தா.
ஸ்ரூடியோவின் நீலத் திரை,
கழுத்துப் பொத்தான் வரை பூட்டிய பொடியன்,
இடது புருவத்தில் சின்ன வெட்டு.
பெயரை அவவே சொன்னா, நிமலகாந்தன்.
எந்த ஆண்டு என்று நான் கேட்கவில்லை.
“கனடா, லண்டன், பிரான்ஸ் எல்லாம்
ஓடுமெண்டு சொன்னனீங்கள்.
ஆரேன் ஒராள் பாத்து,
இவனை இன்ன இடத்தில கண்டனான் எண்டு
சொல்லமாட்டினமோ?
வாடகையை நீங்களே வைச்சிருங்கோ.”

மயூரதன் ஒன்றும் சொல்லாமல் சுவரைக் காட்டினான்.
பொன்னொளிக் கலண்டரைக் கழற்றினேன்.
படத்தின் கண்ணாடியில் விளக்கு அடித்தது.
அவவே கண்ணாடியை நீக்கி
சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தா.
நான் ஆணியில் மாட்டி
வாசல் பக்கம் கொஞ்சம் சரித்தேன்,
கமரா அங்கேதான் நின்றது.
நாலு விநாடி. ஒரே எடுப்பில் சரி.

ஆனால் கூர்மை போத்தலில் இருந்தது.
எனக்குத் தெரியும், மொனிற்றரில் பார்த்தேன்.
லேபலில் சீனி எத்தனை கிராம் என்றுகூட வாசிக்கலாம்,
பின்சுவரோ தண்ணீரில் கரைந்த மாதிரி.
சொல்லியிருக்கலாம்.
வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது,
எல்லோருக்கும் பசி,
ஒப்பந்தம் சோடாவோடு.

முதல் காட்சிக்கு அவ தனியாக வந்தா.
முன்வரிசைதான் வேண்டும் என்றா.
அந்த இடம் வந்தது.
கதாநாயகன் அண்ணாந்து குடித்தான்,
பின்னால் பொடியள் விசிலடித்தாங்கள்.
அவன் காதுக்கு அப்பால்
நீலத்துக்குள் ஒரு மண்ணிறத் திட்டு.
புருவம் இல்லை, வெட்டும் இல்லை.
ஒன்று, இரண்டு, மூன்று, நாலு.

படம் ஓடிய ஊர்களிலிருந்து
தயாரிப்பாளருக்கு அழைப்புகள் வந்தன.
“அந்தச் சோடா இஞ்ச எங்க வாங்கலாம்?”
பதினேழு பேர்.
ஒருவர் பத்துப் பெட்டி கேட்டாராம்.

வாடகைக் காசைக் கடித உறையில் போட்டுக்கொண்டு போனேன்.
வாங்கவில்லை.
“நாலு விநாடியும் குடுத்தனீங்கள்தானே.”
குடிக்க ஏதோ எடுக்கப் போனா.
நிமிர்ந்தேன்.
கண்ணாடி திரும்பப் போட்டிருந்தது.
படம் இன்னும் சரிந்தே தொங்கியது,
நான் திருப்பிய அதே அளவுக்கு,
வாசலைப் பார்த்து.