கேட் அடைப்பு

சட்டைப் பையில் ஒரு பீங்கான் கனம்.
கோமு வீட்டு மீட்டர்ப் பெட்டியில்
பிடுங்கி வந்த ஃப்யூஸ் கேரியர்.
முந்நூற்றுப் பன்னிரண்டு ரூபாய் பாக்கி,
கெடு முடிந்து ஒன்பது நாள்.
"பிடுங்கிக்கிடுங்க சார், காத்துதான் அடிக்குல்லா"
என்றாள். கையில் பாதி உரித்த உள்ளி.
சண்டை போட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

பேட்டையைத் தாண்டி
சுத்தமல்லி விலக்குக்கு முந்தின கேட்
என் முகத்துக்கு நேரே இறங்கிற்று.
இன்னும் மூன்று வீடு.
மூன்று மணிக்குள் ஆபீசில் கணக்கு.
எளவு என்றேன், வாய்க்குள்தான்.

செங்கோட்டை வண்டி
இப்போதுதான் சேரன்மாதேவியை விட்டதாம்.
பச்சைக் கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
கேட் கீப்பர் ஆவுடையப்பன்
யாரையும் பார்க்காமல் சொன்னார்.

முதலில் வாழைத்தார் ஏற்றிய லோடு ஆட்டோ
உறுமலை நிறுத்தியது.
அப்புறம் காலேஜ் பஸ்.
அப்புறம் ஒவ்வொரு வண்டியாக,
அடுப்பை அணைத்த பின்
உலை அடங்குகிற மாதிரி.
கடைசியாக என்னுடையது.

அதற்குப் பிறகுதான் கேட்டது
அதுவரையும் இருந்ததெல்லாம்.

மடையில் வாய்க்கால் தண்ணீர் இடறி விழுவது.
தாரோடு தார் உரசுவது.
முன்னால் நின்ற பைக்கில்
அப்பன் முதுகில் கன்னத்தை அப்பிக்கொண்டு
தூங்கும் பையனின் மூக்கடைத்த மூச்சு.
ஸ்கூட்டியில் இரண்டு பெண்கள்,
பர்தாவுக்குள்ளிருந்து வந்த கை
பின்னாலிருப்பவளுக்கு நீட்டிய கடலை மிட்டாய்
நொறுங்குவதுகூட.

கம்பிக்கு அடியில் புகப் பார்த்த ஆட்டுக்குட்டியிடம்
ஆவுடையப்பன் சொன்னார்:
"ஏட்டி, வண்டி வருதுல்லா, இங்கனக்குள்ளயே நில்லு."
அது நின்றது.

மேற்கே மலை தெரியவில்லை.
மேகத்தை மேலே போட்டுக்கொண்டு படுத்திருந்தது.
இங்கே சுள்ளென்று வெயில்.
வெயிலுக்குள்ளேயே நாலு துளி
காற்றில் ஏறி வந்து
சைலன்சரில் விழுந்து சுர்ரென்றது.
கழுத்தில் ஒரு துளி.
துடைக்கவில்லை.

கேரியரை எடுத்துப் பார்த்தேன்.
இருபத்திரண்டு வருஷமாகப் பிடுங்குகிறேன், மாட்டுகிறேன்,
ஒருநாளும் பார்த்ததில்லை.
தலைமயிர் கனத்தில் ஒரு செம்புக் கம்பி.
இதற்குள் நுழைந்துதான் போகிறது
ஒரு வீட்டின் மின்விசிறி, மாவரைப்பு, பிள்ளையின் பாடம்.
கம்பியின் முனையில் இடப்பக்கமாய் ஒரு முறுக்கு.
என் முறுக்கு அது.
எந்த மழை ராத்திரியிலோ
டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு
நானே சுற்றியிருக்கிறேன்.

கோமு வீட்டிலும் இந்நேரம் இப்படித்தான்
ஒவ்வொன்றாய் ஓய்ந்திருக்கும்.
அவளுக்கும் கேட்கும்
சுவர்க் கடிகாரம், பல்லி, குழாயின் சொட்டு.
அதை அமைதி என்று சொல்ல
எனக்கு வாய் வரவில்லை.
எனக்கு இது ஏழு நிமிஷம்.
அவளுக்கு இன்றைக்கு ராத்திரி முழுக்க.

வண்டி வந்தது.
தரை அதிர, தார் அதிர,
பையன் விழித்துப் பெட்டிகளை எண்ணத் தொடங்கி
ஆறில் விட்டுவிட்டான்.
ஜன்னலில் யாரோ சாப்பாட்டுப் பாத்திரம் கழுவிய தண்ணீர்
எல்லோர் மேலும் பொதுவாகத் தெறித்தது.
யாரும் திட்டவில்லை.

கேட் ஏறியது.
ஒரு மூச்சு நேரம்
ஒருவர் கையும் சாவிக்குப் போகவில்லை.
ஆட்டுக்குட்டிதான் முதலில் கடந்தது,
தண்டவாளத்தை ஒருதரம் மோந்துவிட்டு.

நாளைக் காலையில் குழுப் பணம் வந்துவிடும்,
கட்டிவிடுகிறேன் என்றிருந்தாள் கோமு.
நோட்டைத் தொடையில் வைத்து
நாளைக்கு முதல் வீடு அவள் வீடு என்று
ஓரத்தில் பைய எழுதினேன்.
கேரியரை வலப்பையிலிருந்து
இடப்பைக்கு மாற்றினேன்.

பின்னாலிருந்து ஹாரன்.
"அண்ணாச்சி, கேட்டத் தொறந்தாச்சு வே!"

தெரியும்வே என்றேன்.