இரண்டு மில்லிமீற்றர்

மல்லாவி ஆஸ்பத்திரி, பல் பிரிவு.
மாசியில் நான் அடைத்த பல்லோடு
சித்திரையில் திரும்பி வந்திருக்கிறார்
யோகபுரத்து மேசன் குகதாசன்.

கிண்டிப் பார்த்தேன்.
மேலே கல். ஊசி வழுக்கியது.
அடியில் இன்னும் களி.

அன்றைக்கு வெளியே முப்பத்தொரு பேர்.
விளக்கின் பற்றரியும் கிழடு.
நாலு மில்லிமீற்றர்க் குழியை
ஒரே அப்பில் நிரப்பி
இருபது செக்கன் நீலம் காட்டினேன்.
பாதி வழியில் வெளிச்சம் களைத்துப்போனதை
பளபளத்த மேற்பரப்பு
எனக்குச் சொல்லவில்லை.

"பிழை உங்கட பல்லில இல்லை"
என்றேன், செம்மஞ்சள் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து.
வாய் நிறையப் பஞ்சு.
புருவம் மட்டும் உயர்ந்தது.

இன்று புது விளக்கு.
இரண்டு மில்லிமீற்றருக்கு மேல் இல்லை ஒரு படை.
நுனியைப் பல்லோடு முட்டக் கொண்டுபோய்
பீப் கேட்கும்வரை கை அசையாமல்.
அடுத்த படை. திரும்பவும் நீலம்.
இறுகையில் கொஞ்சம் சுருங்கும்,
விளிம்பை இழுக்கும்;
ஒரு சுவரோடு சாய்த்துச் சாய்த்து வைக்கிறேன்.

பஞ்சை எடுத்ததும் கேட்டார்:
"தண்ணி ஊத்தத் தேவையில்லையோ?
நாங்கள் சிலாப்புக்கு ஏழு நாள் ஊத்துவம்."
"இதுக்கு வெளிச்சம்தான்."

நாக்கால் தடவினார்,
மட்டம் பார்க்கிறவர்போல.
"மேல பாத்துச் சொல்லேலாது டொக்டர்.
பலகை கழட்டினாத்தான் தெரியும்."