இரண்டாம் மதிப்பீட்டாளருக்கு

மதிப்பிற்குரிய ஐயா, அல்லது அம்மா,
பெயர் மறைத்துத்தான் கேட்கிறீர்கள், அதுதானே வழக்கம்.
பதினோரு கேள்விகளுக்கும் நன்றி.

வெந்நீரின் சூடு எத்தனை பாகை என்றீர்கள்.
நாற்பது.
முதல் வாரம் மட்டும் வெப்பமானி உடைந்துகிடந்தது.
ஹெப்சிபா முழங்கையை விட்டுப் பார்த்தாள்,
பிள்ளைக்குக் குளிக்க ஊற்றுகிறவள் போல.
அதையும் செயல்முறைப் பகுதியில் சேர்த்துவிட்டேன்.

எதற்காகக் கோத்தகிரி என்றீர்கள்.
தை மாதம், காலை ஆறேமுக்கால்,
நரம்பு இங்கே ஆளுக்குள் ஒளிந்துகொள்ளும்.
கொழுந்துக் கறை ஏறிய விரல்களுக்கு மேலே
புறங்கையைத் தட்டித் தட்டி
மாணவிகள் நிற்பார்கள்,
ஆளிருந்தும் திறக்காத வீட்டு வாசலில் நிற்பது போல.
கையை நான்கு நிமிடம் வெந்நீரில் வைத்தால்
பெரும்பாலும் ஒரே குத்தில் ரத்தம் வரும்.
எங்கள் கட்டுரை சொல்வது அவ்வளவுதான்.
நூற்றுப் பன்னிரண்டு பேர். பதினாறு பக்கம்.

ஒன்பதாம் கேள்வி.

"பங்கேற்பாளர் ஐம்பத்தெட்டு:
குத்து நான்கு, வலி சுழியம்.
பதிவுப் பிழை போலும். நீக்கிவிடலாமே."

பிழையில்லை. பதிந்தது நான்.
இரண்டு குத்துக்கு மேல் கூடாதென்று
விதி எழுதியவளும் நான்தான்.
மூன்றாவது, அவளாகக் கேட்டது:
"இன்னொருக்கா பாருங்க மிஸ், மறுபடி வர முடியாது."
நான்காவது,
இருபத்தாறு வருடம் ஊசி பிடித்த கைக்கு வந்த வீம்பு.
அடிக்குறிப்பில் விதிமீறல் என்று ஒப்புக்கொண்டிருக்கிறேன்.

பிறகு அட்டையைக் காட்டினேன்,
சிரிக்கிற முகத்தில் தொடங்கி
அழுகிற முகத்தில் முடிகிற அட்டை.
பத்துக்கு எத்தனை?
பஞ்சை அழுத்திக்கொண்டு
வாசலில் நின்ற தோட்டத்து ஜீப்பைப் பார்த்தாள்.
"ஒண்ணுமில்ல. சைபர் போடுங்க."

ஒரே குத்துக்கு
மூன்று சொன்னவர்கள் இருக்கிறார்கள், நான்கு சொன்னவர்கள் இருக்கிறார்கள்,
வாட்டசாட்டமான லாரி ஓட்டுநர் ஒருவர்
ஒன்பது என்றார்.

பேனாவை மூடிய பின்தான் கேட்டாள்:
"இந்தத் தாள் ஆபீசுக்குப் போகுமா மிஸ்?
வலின்னு எழுதினா அரைப் பேர்தானே போடுவாங்க?"

தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் கூலி.
உங்களுக்குத் தெரிந்திருக்கலாம்.
இதே ஊரில் ஒன்பது வருடம் பாடம் நடத்திய எனக்கு
அந்த நிமிடம் வரை தெரியாது,
அந்த நிமிடமும் தெரியவில்லை.

எங்கும் போகாதும்மா என்று
சம்மதப் படிவத்தின் நான்காம் பத்தியை
நிறுத்தி, தெளிவாக, மறுபடியும் வாசித்தேன்:
உங்கள் பேர் எங்கும் வராது.

"பேர் வராதா?"

அந்த முகம் அட்டையில் இல்லை.

ஹெப்சிபாவின் மாமியார் கொழுந்து எடுத்தவர்.
அவள்தான் ஓடிவந்து புரியவைத்தாள்.
பாதியில் ஜீப் ஹாரன் அடித்தது.
மிச்சத்தைக் கேட்டாளா, கேட்காமல் போனாளா,
சொல்லத் தெரியவில்லை.
மறுவாரம் முடிவு வாங்க வேறு யாரோ வந்தார்கள்.
ரத்தம் எட்டுப் புள்ளி ஒன்று.

எனவே சுழியத்தை நீக்கவில்லை.
இரண்டாம் வரைபடத்தின் கீழ் வலது மூலையில்
கூட்டத்தை விட்டுத் தள்ளி நிற்கும்.
கோடு அதனால் சற்றுச் சரிகிறது.
சரியட்டும்.

படிவத்தில் பேர் என்றிருந்ததை
அடையாளம் என்று மாற்றிவிட்டோம்.
திருத்திய பிரதி இணைப்பில்.

பத்தாம் கேள்வி, மேற்கோள் பட்டியல் பற்றியது.
காற்புள்ளிகளைச் சரிசெய்துவிட்டேன்.