தப்பிய புலிகள்

மோர்கட் அரண்மனையில் ஓர் இரவுக்கு
அறுபத்திரண்டாயிரம். வரி தனி.
வருகிறவர்களுக்கு முதலில் ரோஜாத் தண்ணீரில் நனைத்த துண்டு,
பிறகு நெற்றியில் குங்குமம்,
பிறகு நான்.

என் சட்டையில் 'ராம்' என்று ஒரு பித்தளைப் பட்டை.
ராம்பிலாஸ் என்பது விருந்தினர் வாயில் நிற்காதென்று
மேலாளர் பாதியை வெட்டினார்.

போன டிசம்பரில் வந்தார் ஓர் அம்மாள்.
மரைகே, நெதர்லாந்து, தனியாக.
முழங்கால் இரண்டும் புதுசு என்று சிரித்தார்,
லிஃப்ட் வேண்டாம் என்றார்.
ஏறும்போது, நான் எச்சரிக்கும் முன்பே,
பதினான்காம் படியில் தலையைக் குனிந்தார்.
அங்கே விட்டம் தாழ்வு.
முதல்முறை வருகிற எல்லோரும் இடித்துக்கொள்வார்கள்,
அதற்கென்றே பஞ்சு வைத்துப் பட்டு சுற்றியிருக்கிறோம்.

மாலை ஐந்துக்குப் பாரம்பரிய நடை.
சரிகைத் தலைப்பாகையில் விக்ராந்த்
மேல்மாடத்துச் சுவரில், கண்ணாடிச் சட்டத்துக்குள்
பதினேழு கரிக்கோடுகளைக் காட்டுகிறான்:
"மகாராஜா எதிர்கொண்ட புலிகள்.
குறுக்கே கீறியவை சுட்டவை.
கீறாத ஆறும் தப்பியவை."
படமெடுக்கிறார்கள்.
ஒரு குழந்தை தப்பியவற்றுக்குக் கைதட்டுகிறது.

அம்மாள் மட்டும்
கண்ணாடியில் மூச்சுப் படியும் அளவுக்குக் கிட்டே போய்
எண்ணினார்.

எனக்கும் தெரியும் அந்தக் கரி.
எங்கள் அடுப்புக் கரி.
எண்பத்தேழில் இங்கே ராஜாவும் இல்லை, விளக்கும் இல்லை.
வௌவால்கள், ஒரு பூட்டு,
பூட்டுக்குக் காவலாக என் அப்பா கஜோட்.
முதுகுப்பையோடு வந்த பெண்ணுக்கு
மொட்டைமாடியில் கயிற்றுக்கட்டில், இரவுக்குப் பத்து ரூபாய்.
எழுதத் தெரியாதவர். இரவுக்கொரு கோடு இழுப்பார்,
காசு வந்தால் குறுக்கே ஒன்று.
எனக்கு ஏழு வயது. சோள ரொட்டியும் பூண்டுச் சட்னியும்
மேலே கொண்டுபோவேன். கண்ணில் நீர் வழியத் தின்பாள்,
இன்னும் கேட்பாள்.

பதினெட்டாம் நாள் கட்டில் காலி.
வயிற்றுப்போக்காம், யாரோ ஜீப்பில்
கோட்டாவுக்குக் கூட்டிப்போனார்களாம்.
அடுத்த மாதம் குமாஸ்தா வந்து கட்டிலைப் பார்த்தார்.
அரண்மனைக் கூரையை வாடகைக்கு விட்டவன் என்று
சாவிக்கொத்தை வாங்கிக்கொண்டார்.
அப்பா கல்குவாரிக்குப் போனார்.
அதன்பின் இருமல். அவ்வளவுதான், இதை நீட்ட வேண்டாம்.

அன்றிரவு அதே மாடியில் ஒற்றை மேசை,
நாற்பது அகல்விளக்கு,
பீங்கான் கிண்ணத்தில் பூண்டுச் சட்னி.
"காரமே இல்லையே" என்றார்.
விருந்தினருக்காகக் குறைத்திருக்கிறோம் என்றேன்.
"இங்கே ஒரு காவலர் இருந்தார்.
மீசையில் ஒரு பக்கம் மட்டும் நரை. தெரியுமா?"

விருந்தினரின் மகிழ்ச்சியைக் குலைக்காதே.
பயிற்சிப் புத்தகத்தில் மூன்றாம் விதி.
"தெரியும் அம்மா. நன்றாக இருந்தார்."
அந்த 'இருந்தார்' அவர் காதில் விழுந்திருக்க வேண்டும்.
கரண்டியைக் கீழே வைத்தார்.

கிளம்பும் நாளில், லட்சக் கணக்கில் வந்த பில்லைப்
பார்க்காமலே கையெழுத்துப் போட்டார்.
பிறகு என் உள்ளங்கையில்
பத்து ரூபாய்த் தாள்கள் ஆறு,
ஒவ்வொன்றாய், எண்ணி வைத்தார்.
"ரொம்பத் தாமதம்" என்றார்.
காரில் ஏறும்போது என் பித்தளைப் பட்டையைப் படித்தார்,
பெயர் அங்கே முடியவில்லை என்று
தெரிந்தவர்போல, சற்று அதிக நேரம்.

கையில் வாங்கும் எதுவும் பொது உண்டியலுக்கு.
நாற்பது பேருக்குப் பங்கு.
அறுபது ரூபாய், ஆளுக்கு ஒன்றரை.
போட்டேன்.

விக்ராந்த் இன்றும் ஆறு புலிகளைத் தப்பவிட்டான்.
கண்ணாடிச் சட்டத்தின் சாவி என்னிடம்தான்,
செவ்வாய்தோறும் திறந்து துடைக்கிறேன்.
குறுக்கே கீற ஆறு நொடி போதும்.
வீட்டில் கரிதான் இல்லை.
கேஸ் அடுப்பு வந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது.