அளவுக்கோடு

கண்ணாடி வெட்டுபவர்கள்
வெளியிலிருந்து பார்ப்பதில்லை.
சக்கரம் அந்தப் பக்கம் சுழல,
கோப்பையின் வாய்க்குள் பார்வையை இறக்கி
உள்ளிருந்து பார்க்கிறோம்,
கிணற்றில் எதையோ தவறவிட்டவர்கள் போல.
நீலம் என்றால் கொஞ்சம் தெரியும்.
கறுப்பு என்றால் காதால்தான் வெட்ட வேண்டும்.

அன்று நீலம்.
கமெய்தோவில், கால்வாயைப் பார்த்த பட்டறை.
நவம்பர், செவ்வாய், மூன்று மணி பன்னிரண்டு நிமிடம்.
மீன்சினை வடிவம்:
இடச்சாய்வாய் நாற்பத்தெட்டு கோடு,
அதன்மேல் வலச்சாய்வாய் நாற்பத்தெட்டு,
வெட்டிக்கொள்ளும் இடத்திலெல்லாம் ஒரு முட்டை.
இரண்டாம் சாய்வின் நாற்பத்தேழில்
நிலம் நடுங்கியது.

பெரிதல்ல. தொலைக்காட்சி 'மூன்று' என்றது.
அலமாரியில் இருந்தவை ஒன்றையொன்று தொட்டு
ஒருதரம் சிணுங்கி ஓய்ந்தன.
தோகாஷி தேநீரைக்கூடக் கீழே வைக்கவில்லை.
என் கட்டைவிரல் மட்டும்
அரை நொடி பயந்துவிட்டது.

ஒரு கோடு படுத்துவிட்டது.
சினைகளுக்கு நடுவே, கிடையாய்,
தூங்கும் கண்ணின் இமை நீளம்.

'இரண்டாம் தரம்' என்று சீட்டு ஒட்டிப்
பாதி விலைக்கு வைத்தோம். யாரோ வாங்கினார்கள்.
மறந்துவிட்டேன் என்று எழுத ஆசை.
மறக்கவில்லை. பல் துலக்கும்போது நினைத்தேன்.
வரி கட்டும் வரிசையில் நினைத்தேன்.

இரண்டு வருடம் கழித்து
கின்ஷிச்சோ ரயில் பாலத்தடியில்
எட்டே நாற்காலி போட்ட மதுக்கடை.
மழைக்கு ஒதுங்கினேன். நான் குடிப்பவள் அல்ல;
பார்லித் தேநீர் கேட்டு எட்டுப் பார்வை வாங்கினேன்.

கடைக்காரர் நிரசாவா
ஒவ்வொருவருக்கும் விஸ்கி ஊற்றுமுன்
நீலத் தம்ளர் ஒன்றை விளக்குக்கு நேரே பிடித்து,
பாட்டிலைச் சாய்த்து, நிறுத்தி,
பிறகு அவரவர் தம்ளருக்கு மாற்றினார்.
எந்த இடத்தில் நிறுத்தினார் என்பது
என் கட்டைவிரலுக்கு முதலில் தெரிந்தது.

"சரியாக ஒரு விரல்" என்றார்,
நான் பார்ப்பதைப் பார்த்து.
"முப்பது மில்லி. மருந்துக்கடைக் குழாயில்
அளந்தே பார்த்துவிட்டேன்.
வெட்டியவர் பெரிய குடிகாரராக இருக்க வேண்டும்.
கடைக்காரன் கஷ்டம் தெரிந்து போட்டிருக்கிறார்."
"கஞ்சன். இன்னும் ஒரு முடி மேலே போட்டிருக்கலாம்"
என்றார் நாலாம் நாற்காலி லாரி ஓட்டுநர்.
சிரித்தார்கள். நானும்.

"உடைந்தால் என்ன செய்வேன்?
இதே கோடு போட்ட இன்னொன்று
எங்கே கிடைக்கும், உங்களுக்குத் தெரியுமா?"

விசாரிக்கிறேன் என்றேன்.

ஏழு வெட்டினேன், ஞாயிறுகளில்,
தோகாஷி இல்லாதபோது, என் சம்பளக் கணக்கில்.
முதல் கோடு நூல் பிடித்த நேர்.
இரண்டாவதைக் கோணலாக்கினேன்;
அது கோணலாய் நடித்தது.
மூன்றாவதில் முழங்கையை நானே மேசையில் இடித்தேன்.
ஐந்தாவது முப்பத்தொரு மில்லி.
ஏழாவது எல்லா அளவிலும் சரி,
ஆனால் மனதில் இருந்ததன் பக்கத்தில் வைத்தால்
அது தூங்கும் கண்,
இது மூடிக்கொண்ட கண்.

பழைய சாமான் கடையில் கிடைத்தது என்று
ஏழாவதை நீட்டினேன்.
நிரசாவா விளக்கில் பிடித்தார். ஊற்றினார். தலையாட்டினார்.
மேல்தட்டின் பின்வரிசையில் பத்திரமாய் வைத்துவிட்டுப்
பழையதையே எடுத்தார்.
"உங்களுக்கு இன்று கடைக் கணக்கில் ஒன்று.
நேராக இதிலேயே குடியுங்கள்."

எரிந்தது. புகையும் தேனும் கொஞ்சம் மண்ணெண்ணெயும்.
இரண்டாம் மிடறில்
கோடு கரையேறியது.
பழக்கதோஷம், வாய்க்குள் எட்டிப் பார்த்தேன்:
நீலத்துக்கு அப்பால், சினைகளினூடே,
லாரி ஓட்டுநர் முந்நூறு பேராய்
வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தார்.

தலைக்குமேல் சோபு லைன் போனது.
அலமாரி சிணுங்கியது.
யாரும் தம்ளரைக் கீழே வைக்கவில்லை.

நான் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை செய்வதாக
நிரசாவா நினைத்துக்கொண்டிருக்கிறார்.
இன்னும் திருத்தவில்லை.