பருவம் ஒன்று

நாலாம் எபிசோடு, பதினேழாம் நிமிடம்.
நீல லாக்கரை மூடிவிட்டு
மஞ்சள் ஜாக்கெட்டில் ஒரு பெண் திரும்புகிறாள்.
நான்தான் அது.
இரண்டு நொடி.
மூன்று என்று சொல்லிக்கொண்டு திரிந்த காலமும் உண்டு.

லாக்கர் என்னுடையதல்ல,
பூட்டின் எண்ணும் தெரியாது.
ஆறு முறை மூடச் சொன்னார்கள்.
ஆறாவதில் விரல் நசுங்கியது,
அதையே வைத்துக்கொண்டார்கள்.
என் முகத்தில் தெரிவது
காதல் ஏக்கம் என்று
யாராவது எங்காவது நம்பியிருக்கலாம்.
நகம் இன்னும் கோணலாகத்தான் வளர்கிறது.

அந்த பிப்ரவரியில் மார்க்வெட்டில்
ஏரி கரையோடு உறைந்து கிடந்தது.
எங்கள் பள்ளியை வாடகைக்கு எடுத்திருந்தார்கள்.
நாளுக்கு நாற்பது டாலர், சூப் தனி.
கலிஃபோர்னியாவிலிருந்து வந்த பிள்ளைகள்
காது மடலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள்,
இருக்கிறதா என்று.
வசனத்தோடு அவர்கள் வாயிலிருந்து வந்த ஆவி
அசல் ஆவி.
நாயகியின் தாடையில் பவுடரை மீறி ஒரு பரு.
பருவத்தில் பாதி பருதானே,
யாரும் அதை அழிக்கவில்லை.
அழிக்கக் காசில்லை என்பது பிறகு தெரிந்தது.

இரண்டாம் பருவத்துக்கு ஸ்டுடியோவுக்குப் போய்விட்டார்கள்.
அங்கே பனி காகிதத்தில்.
ஒரே கோடையில் அத்தனை பேருக்கும் பல் வரிசையாகிவிட்டது.
ஒருத்திக்கு நினைவு தப்பியது,
ஒருவனுக்கு இரட்டைச் சகோதரன் முளைத்தான்,
உயிரியல் வாத்தியார் ஆளைக் கொன்றார்.
ஐந்தாம் பருவம் வரை பார்த்தேன்,
கடன் கொடுத்தவன் வீட்டுக் கல்யாணத்தில்
கடைசிப் பந்திவரை உட்கார்ந்திருப்பதுபோல.

இப்போது நகராட்சிக்குப் பனி ஒதுக்கும் வண்டி ஓட்டுகிறேன்.
நாலரைக்கு வீடு.
தோளில் இன்னும் எஞ்சின் அதிரும், தூக்கம் வராது.
பூட்ஸைக் கழற்றாமல்
டிவிடியை உள்ளே தள்ளுவேன்.
பதினோரு எபிசோடுகள்.
ஏழாவதில் ஒரு கீறல்,
அந்த அப்பா எப்போதும் பாதி வாக்கியத்தில்தான் வீட்டைவிட்டுப் போவார்.

ரெனே பூஷாம்ப்,
அந்தக் காட்சியில் என் இடப்பக்கம் முழங்கையாக மட்டும் இருப்பவள்,
பெட்ரோல் போட்டபடி ஒருநாள் சொன்னாள்:
"தங்களை உலகம் பார்க்கப்போகுதுன்னு
அதுகளுக்கு அப்போ தெரியாதுடி. அதான் ரகசியம்."
இருக்கலாம்.
எனக்கு இன்னும்கூடத்தான் தெரியாது,
என்னை யார் உட்கார்ந்து பார்க்கிறார்கள்?

ஒன்பதாம் எபிசோடு.
இரும்புத்தாது ஏற்றும் பழைய துறை, மாலை.
அவன் வந்து ஒன்றைச் சொல்லவேண்டும்.
நாலடி நடந்ததும் கால் வழுக்குகிறது.
அது எழுதப்பட்டதல்ல.
அவள் சிரித்துவிடுகிறாள்,
கதையில் வரும் பெண் இல்லை, நடிக்க வந்தவள்.
தூக்கிவிடக் கை நீட்டினால்
கையுறை மட்டும் கழன்று அவனிடம் போகிறது.
சொல்ல வந்ததை அவன் சொல்லவில்லை.
முத்தம் அடுத்த வருஷம் வந்தது, வயலின்களோடு.
எந்த இடத்தில் என்று கேட்டால்
எனக்கு நினைவில்லை.

போன சனிக்கிழமை ஐனோ
பாதித் தூக்கத்தில் வந்து என் கம்பளிக்குள் புகுந்தாள்.
பதினாலு வயசு. போனைக் குப்புறப் போட்டாள்.
"ஏம்மா யாருமே எதையும் சொல்லித் தொலைக்க மாட்டேங்கிறாங்க?"
பனி, என்றேன். வாய் விறைச்சிருக்கும்.
நாலாம் எபிசோடில் மஞ்சள் ஜாக்கெட் வந்து போனது.
அவள் கண்டுகொள்ளவில்லை,
நானும் காட்டிக்கொள்ளவில்லை.
வேறொரு விஷயம் கேட்டாள்,
அந்த ஜாக்கெட் இப்போ எங்க கிடைக்கும்?

ஒன்பது வந்தபோது விடிந்திருந்தது.
அவன் துறையில் கால் வைக்கிறான்.
இருபத்து மூன்று வருஷமாக
இந்த இடத்தில் எனக்கு மூச்சு நிற்கும்,
இந்த முறை
விழாமல் நடந்து போய்விடுவானோ என்று.

விழுந்தான்.
திரையில் இருப்பவளுக்கு அரை நொடி முன்னால்
ஐனோ சிரித்தாள்.
வெளியே,
நான் ஒதுக்கிவிட்டு வந்த தெருவில்
மறுபடி பெய்யத் தொடங்கியிருந்தது.