இதர வரவு

மார்ச் முப்பத்தொன்று, இரவு பதினொன்றேகால்.
மஞ்சக்குப்பத்தில் கரண்ட் வந்து, போய், வந்து, போய்விட்டது.
கைப்பேசி வெளிச்சத்தில்
முன்னாள் மாணவர் சங்கம், கடலூர் கிளையின் ஒரு வருஷத்தை
வரவென்றும் செலவென்றும் கூறு போடுகிறேன்.
பொருளாளர் நான்:
மேடையில் நாற்காலி இல்லாதவள்,
மேடைக்கு வாடகை கொடுத்தவள்.

கணக்கு நூற்றிருபது ரூபாய் உதைக்கிறது.
குறைந்தால் கைக்காசு போட்டுத் தூங்கப் போகலாம்.
கூடியிருக்கிறது.

ஆகஸ்டில் பொதுக்குழு.
கையெழுத்திட்டவர் அறுபத்திரண்டு, இலையில் உட்கார்ந்தவர் எண்பத்தேழு.
பாயசம் பற்றவில்லை என்பது மட்டும்
தீர்மானப் புத்தகத்தில் ஏறியது.
சிங்கப்பூர் செங்குட்டுவன் மைக்கைப் பிடித்து
நூலகக் கட்டடத்துக்கு ஐந்து லட்சம் என்றார்.
கைதட்டல் அன்றைக்கே வந்துவிட்டது.
பணம் வந்துகொண்டிருக்கிறது.

கேட்டு வாங்கியதெல்லாம் இப்படித்தான்
பல்லைப் பிடித்துப் பதம் பார்த்துவிட்டு வரும்.
கெடிலம் தெருவுக்குள் நடந்து வந்த அந்த வாரம்
யாரும் கேட்கவில்லை, குவிந்தது:
தார்ப்பாய் நூற்றைம்பது, ரொட்டி, மெழுகுவத்தி,
திருச்சியிலிருந்து யாரோ அனுப்பிய குழந்தைச் சட்டைகள்,
எல்லாம் ஒரே மஞ்சள்.
லாரியும் கொடுத்து, ஓட்டியும் கொடுத்து
டீசலுக்குக் காசு வாங்காமல் போனார் தாவரவியல் ஹபீபுல்லா.
ரசீதை அவர் வண்டிக் கண்ணாடியில் செருகிவிட்டு வந்தேன்.
அடுத்த நாள் வைப்பர் அதைத் துடைத்திருந்தது.

உதவித்தொகைக்கு நாற்பத்தொரு மனு, பதினொரு பேருக்குத்தான் காசு.
நேர்காணலில் ஒரு பெண், இளவேனி,
"திருப்பிக் கட்டணுமா சார்?" என்றாள்.
வேண்டாம் என்றோம்.
"அப்புறம் எதுக்குத் தரீங்க?"
செயலாளர் மருதவாணன் தொண்டையைச் செருமினார்.
புஷ்பராணி டீச்சர் மின்விசிறியைப் பார்த்தாள்.
அவளுக்குக் கொடுத்தோம்.
பதில்தான் இன்னும் பாக்கி.

மாசி மகத்துக்குத் தேவனாம்பட்டினத்தில் நீர்மோர்ப் பந்தல்:
மோர் மூவாயிரம், எங்கள் பெயர் போட்ட பேனர் நாலாயிரத்து இருநூறு.
அது முடிந்த கையோடு முதுநகருக்குப் போனேன்,
மாதாமாதம் ஐந்தாம் தேதி முந்நூறு ரூபாய் அனுப்பும்
அஞ்சாபுலி என்கிற பெயரைத் தேடி.

ஐஸ் கம்பெனி வாசலில் ரம்பத்தூள் ஒட்டிய கையோடு நின்றார்.
ரசீதை நீட்டினேன். வாங்கவில்லை.
"நான் உங்க ஆளு இல்லீங்க.
ரெண்டாம் வருசத்தோட நின்னுட்டேன்.
மெஸ் பாக்கி ஆயிரத்து எண்ணூத்து நாப்பது.
சொல்லாம கொள்ளாம கடைசி பஸ்ஸு ஏறிட்டேன்.
அந்த மெஸ்ஸையே இடிச்சுட்டாங்களாமே,
வேற யாருகிட்ட கட்டறது?"

பையிலிருந்த புத்தகத்தைப் புரட்டி, கூட்டி,
அது ஏழாம் மாசமே அடைந்துவிட்டதே என்றேன்.
"அசல் அடைஞ்சுதுங்க," என்றார், "வட்டி ஓடுது."
உள்ளே பாளம் பாளமாகப் பனி இறங்கும் சத்தம்.

செயற்குழுவில் விதி நான்கைப் படித்தார்கள்:
பட்டம் பெற்றவரே உறுப்பினர்.
"படிப்பை முடிக்காதவனை
எப்படி முன்னாள் மாணவன்னு போடறது?"
முடிக்காதவர் இன்னும் மாணவர்தானோ என்னவோ,
நான் வாயைத் திறக்கவில்லை.
இதர வரவில் எழுதச் சொன்னார்கள்,
பழைய பேப்பர் போட்ட காசுக்கும் வங்கி வட்டிக்கும் நடுவில்.

கரண்ட் வந்துவிட்டது.
கூடுதல் பணம் மேசைமேல் படபடக்கிறது:
ஆறு இருபது ரூபாய்த் தாள்கள்.
ஒன்றில் மட்டும் யாரோ பேனாவால்
ஓரத்தில் ஒரு கூட்டல் போட்டுப் பார்த்திருக்கிறார்கள்.
வெள்ள நிவாரண உண்டியலா, மனுக் கட்டா,
மோர்ப் பந்தலில் இலவசம் என்றும் கேளாமல்
யாராவது வைத்துவிட்டுப் போனதா?

தணிக்கையாளர் கேட்பார்.
கேட்கட்டும்.
அஞ்சாபுலிக்குக் கீழே ஒரு வரி இடமிருக்கிறது.